நான்கரை ஆண்டும் பன்னிரண்டு முழங்காலும்: ஒரு பிஎச்டி இடத்தைப் பற்றிய மதிப்புரை

விளம்பரம் ஐந்தாறு வரிதான். முழங்கால் மூட்டு பயோமெக்கானிக்ஸில், அதாவது மூட்டின் அசைவையும் அதில் விழும் விசையையும் படிக்கும் துறையில், முனைவர் பட்ட ஆய்வுக்கு ஆள் தேவை. மூட்டை ஆறு விதமாகவும் அசைக்கக்கூடிய ரோபோ இருக்கிறது. எலும்பு அறுவை மருத்துவர்களோடு சேர்ந்து வேலை. 3 ஆண்டு உதவித்தொகை உறுதி. மெக்கானிக்கல், பயோமெடிக்கல் படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். அப்போது நான் பல்சக்கரம் வடிவமைக்கும் ஒரு நிறுவனத்தில் வேலையில் இருந்தேன். படித்த அன்று ராத்திரியே விண்ணப்பம் போட்டுவிட்டேன். நான்கரை ஆண்டு கழித்து பட்டத்தோடு வெளியே வந்தேன்.

இப்போது வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். "அக்கா, இதே மாதிரி ஒரு இடம் வந்திருக்கு, போகலாமா?" ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் முழுசாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஒரு பொருளை வாங்கும் முன் நாலு பேர் எழுதியதைப் படிக்கிறோம். வாழ்க்கையில் நாலைந்து ஆண்டைக் கொடுக்கப் போகிற இடத்தைப் பற்றி யாரும் அப்படி எழுதுவதில்லை. ஆய்வகத்தின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். நான் மதிக்கும் மனிதர்கள் இன்னும் அங்கே வேலை செய்கிறார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறுபடியும் தேர்வு செய்யச் சொன்னால் இதே துறைக்குத்தான் போவேன். இதே ஆய்வகத்துக்குப் போவாயா என்றால், அன்று கேட்கத் தெரியாமல் விட்ட சில கேள்விகளைக் கேட்டுவிட்டு முடிவு செய்வேன்.

துறை எப்படிப்பட்டது என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது ஆர்த்தோலோடு என்ற தரவுத் தொகுப்பை. பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் கியோர்க் பெர்க்மனின் குழு, விசையை அளக்கும் கருவியை உள்ளேயே வைத்த செயற்கை மூட்டுகளைச் செய்து நோயாளிகளுக்குப் பொருத்தியது. அவர்கள் நடக்கும்போதும், படி இறங்கும்போதும், நாற்காலியிலிருந்து எழும்போதும் மூட்டுக்குள் எவ்வளவு விசை விழுகிறது என்பது கம்பியில்லாமல் வெளியே வந்து பதிவாகும். 5 பேரின் முழங்காலில் அளந்து 2010-இல் வெளியிட்ட கணக்கின்படி, சமதளத்தில் நடக்கும்போது உச்ச விசை சராசரியாக உடல் எடையில் 261 சதவீதம். படி ஏறும்போது 316. இறங்கும்போது 346. ஏறுவதைவிட இறங்குவதுதான் மூட்டுக்குக் கூடுதல் சுமை என்பது முழங்கால் வலி உள்ள யாருக்கும் தெரிந்த சங்கதி. இங்கே அது எண்ணாக நிற்கிறது. இடுப்பு மூட்டில் கருவி வைத்திருந்த ஒருவர் தற்செயலாகத் தடுமாறியபோது உடல் எடையைப் போல 7 மடங்குக்கு மேல் பதிவானது. கீழே விழவில்லை, தடுமாறினார், அவ்வளவுதான்.

இந்தத் தரவை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். விண்ணப்பிக்க நினைப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க அதோடு உட்கார்ந்து பாருங்கள். அந்த வளைகோடுகளைப் பார்க்கப் பார்க்கக் கேள்வி வருகிறதென்றால் இந்தத் துறை உங்களுக்கு ஒத்துவரும். கொட்டாவி வருகிறதென்றால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

சரி, என் வேலைக்கு வருகிறேன். முழங்காலுக்குள் தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவத்தில் இரண்டு மெத்தைகள் இருக்கின்றன. மெனிஸ்கஸ் என்பார்கள். அதன் பின்பக்க வேர், எலும்பில் ஒட்டியிருக்கும் இடத்தில் கிழிந்துவிட்டால், மெத்தை அப்படியே இருந்தும் வேலை செய்யாது. உட்பக்க மெனிஸ்கஸின் பின்வேர் அறுந்தால், அந்த மெனிஸ்கஸை முழுசாக எடுத்துவிட்டதற்குச் சமமாகக் குருத்தெலும்பின் மேல் உச்ச அழுத்தம் ஏறுகிறது என்று பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் 2008-இல் காட்டினார்கள். அதனால் இப்போது அந்த வேரை நூல் போட்டு எலும்போடு இழுத்துக் கட்டுகிறார்கள். சுமையை ஒரு முறை ஏற்றி இறக்குவது ஒரு சுழற்சி; கட்டிய நூல் அப்படி ஆயிரக்கணக்கான சுழற்சிக்குப் பிறகு எவ்வளவு தளர்கிறது என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. தானமாக வந்த முழங்கால்களில், ரோபோவில் பொருத்தி.

விளம்பரத்தில் சொன்ன ரோபோ உண்மையிலேயே இருந்தது. நல்ல ரோபோ. ஆனால் அதை நான்கு குழுக்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. எனக்கு மாதத்தில் ஆறு நாள் கிடைக்கும். மூட்டை ஃப்ரீசரிலிருந்து எடுத்து இளக வைக்க ஒரு நாள் வேண்டும். இளகிய மூட்டை வாரக்கணக்கில் வைத்துக்கொண்டிருக்கவும் முடியாது. ஆக, ஆறு நாளில் ஒரு நாள் ரோபோ பழுதென்றால், அந்த மாதமே போனது போலத்தான். இதை விளம்பரத்தில் யாரும் எழுத மாட்டார்கள். நேர்காணலில் நானும் கேட்கவில்லை.

மூன்றாவது முழங்காலைப் பற்றி எழுதாமல் இந்த மதிப்புரை முழுமையாகாது.

மூட்டைச் சோதனைக்குத் தயார் செய்வது இப்படி: மைனஸ் 20 டிகிரியில் இருந்ததை எடுத்து இளக வைத்து, தோலையும் தசையையும் நீக்கி, மூட்டுறையையும் தசைநார்களையும் விட்டுவைக்க வேண்டும். உலராமல் இருக்க உப்புநீரில் நனைத்த துணியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு வெட்டிய எலும்பு முனையை ஓர் அலுமினியக் குவளைக்குள் நேராக நிறுத்தி அக்ரிலிக் சிமெண்ட் ஊற்றுவோம். சிமெண்ட் இறுகும்போது குவளை கைக்குச் சூடாகத் தெரியும். அந்த நெடி துணியில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். இறுகிய பிறகு குவளையை ரோபோவில் மாட்டுவோம்.

அன்று எல்லாம் ஒழுங்காக நடந்தது போலத்தான் இருந்தது. சோதனை ஓடியது. முந்நூற்றுச் சொச்சம் சுழற்சியில் இடப்பெயர்ச்சி வளைகோடு திடீரென்று மேலே ஏறியது. நூல் தளர்ந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். நான் எதிர்பார்த்ததே அதுதான். வரைபடத்தை அழகாகப் போட்டு மறுநாள் குழுக் கூட்டத்தில் காட்டினேன். நெறியாளர் நன்றாக இருக்கிறது என்றார். டெக்னீஷியன் அண்ணன் மட்டும் எதுவும் சொல்லாமல் எழுந்து போனார். சாயங்காலம் கூப்பிட்டார். "இங்க வந்து பாரும்மா."

குவளையைக் கையில் வைத்திருந்தார். சிமெண்ட் இறுகியதும் எலும்பிலிருந்து சிமெண்ட் வரை நீளும்படி மார்க்கர் பேனாவால் நான்கு கோடு போட்டுவைப்பது அவர் பழக்கம். நான் தயார் செய்த மூட்டிலும் எனக்குத் தெரியாமல் போட்டிருக்கிறார். நான்கு கோட்டில் மூன்று எலும்பும் சிமெண்டும் சேரும் இடத்தில் உடைந்திருந்தன. எலும்பில் இருந்த பாதிக்கோடு, சிமெண்டில் இருந்த பாதிக்கோட்டைவிட ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தள்ளி நின்றது. தளர்ந்தது நூல் இல்லை. எலும்பே குவளைக்குள் வழுக்கியிருக்கிறது. எலும்பு முனையிலிருந்த கொழுப்பை நான் சரியாகச் சுரண்டி எடுக்கவில்லை, குறுக்கே திருகாணியும் போடவில்லை. சிமெண்டுக்குப் பிடிமானமே கிடைக்கவில்லை.

அந்த மூட்டை மறுபடி பயன்படுத்த முடியாது. வேர் கட்டிய இடம் ஏற்கனவே கிழிந்துவிட்டது. ஒருவர் இறக்கும் முன், தன் உடலால் யாருக்காவது பயன் இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கால் அது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் அந்தத் தவறைவிட என்னை உறுத்தியது வேறு. அண்ணனிடம் ஒரு தடித்த நோட்டு இருந்தது. பதினோரு ஆண்டுகளாக எந்த மூட்டில் எது ஏன் தவறியது என்று தேதி போட்டு எழுதியிருக்கிறார். சிமெண்ட் வழுக்கியது, விசையை அளக்கும் லோடு செல் சூடாகி அளவு நகர்ந்தது, அழுத்தம் அளக்கும் தாள் மடங்கிப் பொய்யான உச்சம் காட்டியது, எல்லாமே அதில் இருக்கிறது. எனக்கு நேர்ந்த தவறே எனக்கு முன்னால் இரண்டு பேருக்கு நேர்ந்திருக்கிறது. புதிதாக வருகிற மாணவருக்கு அப்படி ஒரு நோட்டு இருப்பதையே யாரும் சொல்வதில்லை. முதல் வாரம் எனக்குத் தீயணைப்பு வழியையும் கணினிக் கடவுச்சொல்லையும் காட்டினார்கள். அந்த நோட்டைக் காட்டியிருந்தால் ஒரு முழங்கால் மிஞ்சியிருக்கும்.

இதனால்தான் இடம் பார்க்கப் போகிறவர்களிடம் முதலில் டெக்னீஷியனைப் பாருங்கள் என்கிறேன். இந்தத் துறையின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டு மாற்று அறுவையை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, மூட்டின் பந்து உட்காரும் கிண்ணத்துக்கு முதலில் டெஃப்லான் பயன்படுத்தினார். சில ஆண்டுகளிலேயே அது தேய்ந்து, நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்கு மறுஅறுவை செய்ய வேண்டி வந்தது. 1962-இல் ஒரு விற்பனையாளர், இயந்திரங்களில் பல்சக்கரம் செய்யப் பயன்படும் ஒரு பாலிஎத்திலீன் துண்டை அந்த ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். சார்ன்லி முதலில் அதில் ஆர்வம் காட்டவில்லை. அவருடைய டெக்னீஷியன் ஹாரி கிரேவன், சார்ன்லி வெளியூர் போயிருந்த சமயம் அதைத் தேய்மான இயந்திரத்தில் மாட்டி ஓடவிட்டார். மூன்று வாரம் இரவு பகலாக ஓடிய பிறகும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுகூட அது தேயவில்லை. அதே ஆண்டு நவம்பரில் நோயாளிகளுக்குப் பொருத்தத் தொடங்கினார்கள். இன்று வைக்கப்படும் இடுப்பு, முழங்கால் மாற்று மூட்டுகளில் பெரும்பாலானவற்றில் அந்தப் பிளாஸ்டிக்கின் வழிவந்ததுதான் இருக்கிறது. பல்சக்கரத் தொழிற்சாலையிலிருந்து போனவள் என்பதால் இந்தச் சம்பவம் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும்.

நெறியாளர் பற்றி. அறிவாளி, கனிவானவர், யாரையும் கடிந்து பேச மாட்டார். ஆனால் ஆறு வாரத்துக்கு ஒரு முறைதான் அரை மணி நேரம் கிடைப்பார். அவருக்குக் கீழே ஒன்பது மாணவர்கள். மூன்றாவது முழங்கால் விஷயத்தை நானே போய்ச் சொன்னபோது, "அந்த ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்" என்றார். விட்டுவிடுவது சரிதான். ஏன் விட்டேன் என்பதை ஆய்வேட்டில் எழுத வேண்டுமா என்று கேட்டதற்கு, உன் விருப்பம் என்றார். நான் எழுதினேன். பன்னிரண்டு மூட்டில் இரண்டை ஏன் நீக்கினேன் என்று இரண்டு பக்கம். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நீண்ட நேரம் கேள்வி கேட்டது அந்த இரண்டு பக்கத்தைப் பற்றித்தான். இறுதியில், மற்ற பத்து எண்களை நம்புவதற்கு இதுதான் எனக்குக் காரணம் என்றார். நான்கரை ஆண்டில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அது.

மூட்டு கிடைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதி வர நான்கு மாதம், பிறகு மூட்டு வர ஏழு மாதம். முதல் ஆண்டில் பெரும்பகுதி காத்திருப்பிலேயே போனது. வந்த மூட்டுகளும் பெரும்பாலும் எழுபது, எண்பது வயதுக்காரர்களுடையவை. இது வெறும் வசதிக் குறைவு என்று நினைக்காதீர்கள். தசைநார் ஆய்வாளர் சேவியோ வூவின் குழு 1991-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். முழங்காலின் முன் சிலுவைத் தசைநார், அதாவது விளையாட்டு வீரர்கள் ஏசிஎல் என்று சொல்வது, 22 முதல் 35 வயதுக்காரர்களிடம் சராசரியாக 2,160 நியூட்டன் வரை தாங்கி அறுந்தது. 60 முதல் 97 வயதுக்காரர்களிடம் 658 நியூட்டன். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இருபத்தைந்து வயது விளையாட்டு வீரருக்கான நூல் கட்டும் முறையை எண்பது வயதுக்காரரின் எலும்பில் சோதித்துவிட்டு முடிவு எழுதினால் அதற்கு எவ்வளவு மதிப்பு? என் ஆய்வேட்டின் மிகப் பெரிய குறை இதுதான். ஃப்ரீசரில் இப்போது எத்தனை மூட்டு இருக்கிறது, என்ன வயது, அனுமதி யார் பெயரில் இருக்கிறது என்று நேர்காணலிலேயே கேளுங்கள். அப்படிக் கேட்கிறவரைப் பார்த்து எந்த நல்ல ஆய்வகமும் முகம் சுளிக்காது.

பக்கத்து மேசையில் இருந்த தோழிக்கு மூட்டே வேண்டாம். அவள் செயற்கை முழங்காலின் தேய்மானத்தைச் சோதிப்பவள். அவளுடைய பாடு வேறு மாதிரி. சர்வதேசத் தரநிலைப்படி 50 லட்சம் சுழற்சி ஓட்ட வேண்டும். நொடிக்கு ஒரு சுழற்சி என்றாலும் நிற்காமல் 58 நாள். நடுநடுவே நிறுத்தி, பிரித்து, கழுவி, உலர்த்தி, மில்லிகிராமின் பத்தில் ஒரு பங்கு வரை எடை போட வேண்டும். மூட்டு மிதப்பது கன்றின் ரத்தச் சீரத்தில் நீர் கலந்த திரவத்தில், அதுவும் உடல் வெப்பநிலையில். அதை மாற்றுகிற நாளில் நாற்றம் தாங்காமல் அறைக்குள் யாரும் நுழைய மாட்டோம். பிளாஸ்டிக் திரவத்தை உறிஞ்சி எடை கூடும் என்பதால், தேயாமல் சும்மா ஊறுகிற இன்னொரு துண்டையும் கூடவே வைத்து எடை போடுவார்கள். அந்த வித்தியாசத்தைக் கழித்தால்தான் உண்மையான தேய்மானம் கிடைக்கும். ஒரு சோதனைக்கு மூன்று மாதம். பொறுமைசாலிகளுக்கு ஏற்ற தலைப்பு. அவள் முடித்ததும் ஒரு நிறுவனம் உடனே வேலைக்கு எடுத்துக்கொண்டது.

கணினி மாதிரி மட்டும் செய்த நண்பரும் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் உருவான ஓப்பன்சிம் மென்பொருளில் தசைகளோடு உடலை இயக்கலாம். யூட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபீபயோவில் குருத்தெலும்பு போன்ற நீர் நிறைந்த திசுவை அழுத்திப் பார்க்கலாம். இரண்டும் இலவசம், இரண்டையும் வீட்டிலிருந்தே கற்றுக்கொள்ளலாம். ஃப்ரீசருக்கும் ரோபோவுக்கும் காத்திருக்கத் தேவையில்லை என்பது பெரிய வசதி. ஆனால் மாதிரி சொல்வது சரிதானா என்று எதை வைத்துப் பார்ப்பது? இதற்காகவே உலகளவில் ஒரு சவால் நடத்தினார்கள். கருவி வைத்த முழங்கால் உள்ள ஒருவரின் நடை, தசையின் மின் சைகை, எலும்பின் வடிவம் எல்லாவற்றையும் கொடுத்து, உள்ளே அளந்த விசையை மட்டும் மறைத்து, முதலில் நீங்கள் கணித்துச் சொல்லுங்கள், பிறகு காட்டுகிறோம் என்றார்கள். அந்தத் தரவும் இப்போது எல்லோருக்கும் திறந்திருக்கிறது. கணினி மாதிரி வேலைக்குச் சேரப் போகிறவர்கள், அங்கே எதை அளந்து சரிபார்க்கிறார்கள் என்று கேளுங்கள். "அதெல்லாம் பிறகு பார்க்கலாம்" என்று பதில் வந்தால், நான் என்றால் போக மாட்டேன்.

இந்த இடத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல விஷயம், வியாழக்கிழமை காலைகள். இணை நெறியாளரான அறுவை மருத்துவர் வாரம் ஒரு நாள் அறுவை அரங்குக்குள் வரச் சொல்லியிருந்தார். முதல் முறை மெனிஸ்கஸ் வேரை அவர் கொக்கியால் தூக்கிக் காட்டியபோது, ஈரத் துணியின் ஓரத்தைத் தூக்கியது போல அது எழுந்து வந்தது. நான் ஓராண்டாக இயந்திரத்தில் இழுத்துக்கொண்டிருந்த திசையில் அது இழுபடவே இல்லை. "உங்க ரோபோ இழுக்கிற மாதிரி நோயாளி இழுக்க மாட்டாரும்மா" என்றார், முகமூடிக்குள்ளிருந்து. அடுத்த வாரமே சோதனை முறையை மாற்றினேன். மூட்டை நேராக நிறுத்தி இழுப்பதை விட்டுவிட்டு, மடக்கிய நிலையில், திருப்புவதோடு சேர்த்துச் சுமை கொடுத்தேன். என் ஆய்வேட்டில் உருப்படியானது என்று நான் நினைக்கும் அத்தியாயம் அந்தக் காலையில் பிறந்ததுதான். "மருத்துவர்களோடு சேர்ந்து வேலை" என்று எல்லா விளம்பரத்திலும் இருக்கும். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். கிழமை சொல்ல முடிந்தால் அது உண்மை.

பணம். 3 ஆண்டு உறுதி என்றார்கள், சொன்னபடி கொடுத்தார்கள். ஆனால் ஆய்வு மூன்று ஆண்டில் முடியவில்லை. எனக்கு முன்னால் அங்கே இருந்த நால்வருக்கும் முடியவில்லை. மீதி ஒன்றரை ஆண்டு இளநிலை மாணவர்களுக்கு ஆய்வக வகுப்பு எடுத்தும், பழைய நிறுவனத்துக்குப் பகுதிநேரமாக வரைபடம் போட்டுக் கொடுத்தும் ஓட்டினேன். முன்பு இருந்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் முன்னதாகவே சேமித்திருப்பேன்.

நாட்டுக்கு நாடு இது மாறும். ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்விட்சர்லாந்து போன்ற இடங்களில் முனைவர் பட்ட ஆய்வு பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலை ஒப்பந்தம். விண்ணப்பமே வேலை விண்ணப்பம் போலத்தான். பிரிட்டனில் மூன்று, நான்கு ஆண்டு, நேரே ஆய்வுதான். அமெரிக்காவில் முதலில் வகுப்பும் தகுதித் தேர்வும், மொத்தம் ஐந்து ஆண்டு பக்கம் ஆகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்லொடோவ்ஸ்கா-கியூரி ஆய்வு வலையமைப்புகளில் மூட்டு, எலும்பு சார்ந்த இடங்கள் அவ்வப்போது வரும். அதில் ஒரு விதியைக் கவனிக்காமல் பலர் ஏமாறுகிறார்கள்: எந்த நாட்டில் சேர்கிறீர்களோ அந்த நாட்டில், சேர்வதற்கு முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. அங்கேயே முதுகலை படித்துவிட்டு அங்கேயே விண்ணப்பித்து, இதனாலேயே தள்ளுபடியான இருவரை எனக்குத் தெரியும்.

எங்கே தேடுவது என்று கேட்பவர்களுக்கு, நான் படித்த ஆய்வுக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைச் சொல்கிறேன். தேய்மானத்துக்கு லீட்ஸ். முழங்கால் தசைநார்களுக்கு லண்டன் இம்பீரியல் கல்லூரி, பிட்ஸ்பர்க். நடை ஆய்வுக்கு இத்தாலியில் பொலோனியாவின் ரிட்சோலி நிறுவனம். உடலுக்குள்ளேயே அளப்பதற்கு பெர்லின். இடுப்பு மூட்டில் விழும் விசையை 1960-களிலேயே கணக்கிட்ட கிளாஸ்கோவின் ஸ்ட்ராத்கிளைட். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், எங்கே போனாலும் அதே கேள்விகள்தான்.

நிறுவனப் பணத்தில் வரும் இடங்களைப் பற்றிப் பலருக்குத் தயக்கம். எனக்கு அவ்வளவு இல்லை. கருவியும் மூட்டும் தாராளமாகக் கிடைக்கும். முடிவு அவர்களுக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும் வெளியிடலாமா என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு மாணவரின் வேலையால் என்ன ஆகிவிடும் என்று சோர்வு வரும். மூன்றாம் ஆண்டில் எனக்கு வந்தது. அப்போது நான் யோரான் செல்விக்கை நினைத்துக்கொள்வேன். 1974-இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் அவர் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேட்டில், எலும்புக்குள் ஒரு மில்லிமீட்டர் அளவிலான டான்டலம் என்ற உலோக மணிகளைப் பதித்து, இரண்டு பக்கமிருந்து ஒரே சமயத்தில் எக்ஸ்ரே எடுத்து, செயற்கை மூட்டு எலும்புக்குள் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று மில்லிமீட்டரின் பின்னம் வரை கணக்கிடும் வழி இருக்கிறது. ஒரு மூட்டு பல ஆண்டு கழித்துத் தளரப் போகிறதா என்பதற்கான அறிகுறியை முதல் இரண்டு ஆண்டிலேயே அதனால் பிடிக்க முடிகிறது. ஐம்பது ஆண்டாக இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது. அண்ணன் போட்ட மார்க்கர் கோடும் அதே எண்ணம்தான்: நகர்ந்ததா இல்லையா என்று காட்ட, நகராத ஒன்றில் ஓர் அடையாளம்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: டெக்னீஷியனுக்கு ஐந்துக்கு ஐந்து. அறுவை அரங்கு வியாழக்கிழமைகளுக்கும் ஐந்து. ரோபோவுக்கு மூன்று, அதுவும் ஓடுகிற நாளில். நெறியாளரின் நேரத்துக்கு இரண்டு. புதிதாக வருபவரைத் தயார் செய்வதற்கு ஒன்று. மொத்தமாக மூன்றரை தருவேன். போன மாதம் அண்ணன் ஃபோனில் பேசும்போது சொன்னார், இப்போது யார் சேர்ந்தாலும் முதல் வாரமே அந்த நோட்டைப் படிக்கக் கொடுத்து, அதிலிருந்து பத்து கேள்வி கேட்டுவிட்டுத்தான் சிமெண்ட் கலக்கவே விடுகிறாராம். இதைப் படித்துவிட்டு அங்கே போகிறவர்கள் இன்னும் அரை மதிப்பெண் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாவது முழங்காலின் பக்கம் நோட்டின் பின்பாதியில் இருக்கிறது, என் கையெழுத்தில்.